பெருஞ்சுமை ஆற்றுப்படை

சாலை போடும் எந்திரத்துக்குச் சாலையில் நடக்க உரிமை கிடையாது. விளையாட்டாகச் சொல்லவில்லை, விதி அப்படி இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 93-ஆவது, நம் சாலைகளில் ஓடும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டலாகாது என்கிறது. தாரும் ஜல்லியும் சேர்ந்த சூடான கலவையைப் பரப்பிக்கொண்டு போகும் பேவர் எந்திரங்களில் நடுத்தர வகையினது, சிறகையும் வாலையும் ஒடுக்கிக்கொண்டால் இந்த அளவுக்குள் ஒருவாறு அடங்கும். அதற்கு மேற்பட்ட வகை ஒடுங்கிய நிலையிலேயே 3 மீட்டர். கான்கிரீட் சாலை போடும் எந்திரமோ வேறு குலத்தைச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் தில்லி–வதோதரா–மும்பை எட்டுவழி விரைவுச்சாலைப் பணியில் 24 மணி நேரத்தில் 2,580 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் இட்டுச் சாதனை படைத்தார்கள். அங்கே எந்திரம் ஒரே வீச்சில் இட்டுச் சென்ற அகலம் 18.75 மீட்டர். சாதனையைப் பற்றி நாம் படித்த செய்திகள் பல. அந்த எந்திரம் எவ்வாறு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று அவற்றுள் ஒன்றும் சொல்லவில்லை.

அகலம் ஒருபுறம் இருக்க, வேகத்தையும் பார்க்க வேண்டும். இரும்புப் பட்டையில் ஊரும் பேவர் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் போகும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிக் கிருஷ்ணகிரிக்கு ஊர்ந்தே செல்வதென்றால் இரண்டு நாளுக்கு மேல் நில்லாமல் ஊர வேண்டியிருக்கும். போகும் வழியில் இருக்கிற சாலையும் போய்விடும். ஆகவே இவ்வெந்திரங்கள் நடப்பதில்லை, சுமக்கப்படுகின்றன. அந்தச் சுமத்தலைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் டிரெய்லர் லாரிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கக்கூடியவர்கள் உப்புவண்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் ஏற்றிய பாரத்தை உள்நாட்டில் கொண்டுபோய் இறக்கும் மனிதர்களைச் சங்கப் புலவர்கள் ஒதுக்கவில்லை. உமணர் இல்லையென்றால் நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் கொடுக்கல் வாங்கலே இருந்திராது. பட்டினப்பாலையின் துறைமுகத்தில் புலிப்பொறி இட்ட பொதிகளைப் பாடம் நடத்தும் நாம், அந்தப் பொதிகள் காவிரிப்பூம்பட்டினத்து வாயிலைத் தாண்டிய பின் என்னவாயின என்று மாணவர்களைக் கேட்பதில்லை. துறைமுகத்தோடு நம் கற்பனை நின்றுவிடுகிறது. கப்பல் கவிதைக்கு உரியது, லாரி காவல் நிலையத்துக்கு உரியது என்கிற ஒரு பிரிவினை நம்மிடையே எப்படியோ உண்டாகிவிட்டிருக்கிறது.

எந்திரத்தின் பூர்வீகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தார்க்கலவையைப் பரப்பும் எந்திரம் அமெரிக்காவில் 1930-களில் உருப்பெற்றது. பக்கச்சட்டம் கட்டாமலே கான்கிரீட்டை வார்த்துக்கொண்டு நகரும் எந்திரம் 1940-களின் இறுதியில் அயோவா மாநில நெடுஞ்சாலைத் துறையினர் கண்டது. இன்று இத்தொழிலில் பெரிய பெயர்கள் ஜெர்மனியுடையவை: விண்ட்ஹாகன் ஊரின் விர்ட்கன், லுட்விக்ஸ்ஹாஃபனின் ஃபோகலே. (இரண்டும் ஒரே குழுமம். அக்குழுமத்தையும் 2017-இல் அமெரிக்க டிராக்டர் நிறுவனமான ஜான் டீர் விலைக்கு வாங்கிவிட்டது.) சில வகைகள் இப்போது புனேயிலேயே தயாராகின்றன. பெரியவை கப்பலேறி வருகின்றன. வாகனங்கள் தாமே ஏறி இறங்கத்தக்க கப்பலாக இருந்தால், பேவர் தன் சொந்தப் பட்டையில் ஊர்ந்தே நம் மண்ணில் இறங்கும். அதன் பிறகு அது தானாக ஊரப்போவது வேலைத்தளத்தில்தான்.

நடுவே உள்ள தொலைவு டிரெய்லர்காரர்களுடையது. தளம் தாழ்ந்த அந்த வண்டியை அவர்கள் 'லோபெட்' என்கிறார்கள். நம் துறையில் முதுகலை படித்த மாணவி ஒருத்தியின் தந்தை சங்ககிரிப் பக்கத்துக்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிரெய்லர் ஓட்டி வருபவர். மகளின் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குத் துணைக்கு வந்தவரை மரத்தடியில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசவைத்தோம். தேர்வில் மகள் சொன்னதைவிடத் தந்தை சொன்னது அதிகம் என்றால் மாணவி நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறோம்.

பேவரை வண்டியில் ஏற்றுவது ஒரு மாட்டைத் தொழுவத்தில் கட்டுவது போன்றது என்றார் அவர். முன்பக்கத்தில் கலவையைக் கொட்டும் தொட்டிக்கு இருபுறமும் சிறகுகள் உண்டு. அவற்றை மடக்க வேண்டும். பின்பக்கத்தில் கலவையை இழுத்துச் சமன்செய்யும் நீண்ட பலகை, ஸ்கிரீட் என்பது, அதன் நீட்சிகளை உள்ளே இழுத்துக்கொண்டபின், தூக்கிப் பூட்டுமுளை இட வேண்டும். ஓட்டுநரின் கூரையைத் தாழ்த்த வேண்டும். பலகையைச் சூடாக்க எரிவாயு உருளை வைத்த வகையானால் உருளையைக் கழற்றித் தனியே அனுப்ப வேண்டும். பிறகு சரிபலகை வழியே மெல்ல ஏற்ற வேண்டும். எந்திரத்தின் பட்டையும் இரும்பு, சரிபலகையும் இரும்பு. இரண்டுக்கும் நடுவே மழைநீரோ எண்ணெயோ இருந்துவிட்டால் இருபது டன் எடை பக்கவாட்டில் வழுக்கும். அதற்காகவே மரக்கட்டைகளை இடையில் போடுகிறார்கள். ஏறியபின் நான்கு மூலையிலும் குறுக்காகச் சங்கிலி இட்டு முறுக்கிக் கட்டி, பட்டையின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை அடிக்கிறார்கள்.

முட்டுக்கட்டை என்னும் சொல்லைக் கேட்டபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி. செய்தித்தாள் தமிழில் அது இடையூற்றின் பெயராகிவிட்டது. யாரோ யாருக்கோ முட்டுக்கட்டை போடுகிறார்கள். தேர் ஓடும் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும், முட்டுக்கட்டை இல்லாமல் தேர் திரும்பாது, நிற்காது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேரைச் செலுத்துகிறவர்கள் சக்கரத்தடியில் கட்டை போடும் சிலர்தாம். சக்கரத்துக்கு மிக அருகில் நிற்கிறவர்களும் அவர்கள்தாம். டிரெய்லர்க் கூட்டத்தில் அந்தச் சிலர் கிளீனர்கள் என்று அழைக்கப்படுகிறார்கள்.

இனி வழி. சென்னைத் துறைமுகம் நகரத்தின் வாயிலாக இருந்தது ஒரு காலம். இப்போது நகரத்தின் தொண்டைக்குள் அகப்பட்ட ஒன்றாக இருக்கிறது. மேற்கே போகும் சரக்கு முழுவதும் நகரத்தைத் துளைத்துக்கொண்டு போயாக வேண்டும் என்பதனால்தான் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை வந்தது. வந்தது என்று சொல்வது பிழை, வரத் தொடங்கியது. 2009-இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழும்பின. கூவத்தின் நீரோட்டத்துக்குத் தடை என்று சொல்லி 2012-இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. பத்தாண்டுக் காலம் அந்தத் தூண்கள் கூவக்கரையில் தலையில்லாமல் நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக அதே வழிக்கு இன்னொரு பிரதமர் இன்னொரு முறை அடிக்கல் நாட்டினார். கூவத்தைக் காக்க வேண்டும் என்னும் வாதம் பொய்யான வாதம் என்று நாம் கருதவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டில் கூவம் தெளிந்துவிடவும் இல்லை. அதே பத்தாண்டில் கனரக வண்டிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும், ஓட்டுநர்கள் அந்த வரிசையிலேயே சமைத்துத் தின்று உறங்கியதையும் கணக்கில் எழுதுவார் இல்லை.

இப்போது பெருஞ்சுமைகளுக்கு ஒரு மாற்று உண்டு. வடக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் இறக்கிவிட்டால், மீஞ்சூரிலிருந்து வண்டலூர் செல்லும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையைப் பிடிக்கலாம். நசரத்பேட்டை அருகே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் திருப்பெரும்புதூர் தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜா, வேலூர், வாணியம்பாடி என்று கிருஷ்ணகிரி வரைக்கும் கண்ணுக்கு விசாலமான வழி. திருப்பெரும்புதூரிலிருந்து ஒசகோட்டை வரை 262 கிலோமீட்டருக்குப் போடப்படும் பெங்களூர் விரைவுச்சாலை போன்ற பணிகளுக்கு எந்திரங்கள் செல்ல இதைவிட நேரான வழி இல்லை. படத்தில் பார்த்தால் இவ்வளவுதான். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் வேறு.

சுங்கச்சாவடியிலிருந்து தொடங்கலாம். சாதாரணத் தடம் 3.2 மீட்டர் அகலம். பேருருவ வண்டிக்கென்று ஓரத்தில் 4.5 மீட்டரில் ஒரு தடம் விட வேண்டும் என்பது வரைமுறை. விட்டிருக்கிறார்கள். அதில் சாவடி ஊழியர்களின் இருசக்கர வண்டிகளும் இளநீர்க் கடையும் இருக்கின்றன. அடுத்து வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் வரைமுறைப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடு. நம் ஊர்களில் விபத்து நடந்த மறுநாள் இரவோடு இரவாக எழுப்பப்படும் மேட்டுக்கு அளவு கிடையாது. அதன் அளவு ஊராரின் துக்கத்தின் அளவு. தளம் தாழ்ந்த லோபெட் வண்டியின் வயிறு அதில் தட்டி நின்றுவிடும். முன்சக்கரம் அப்பாலும் பின்சக்கரம் இப்பாலுமாக நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் அவ்வண்டியின் ஓட்டுநரை, பின்னால் நிற்கும் நாம் அனைவரும் சேர்ந்து வைகிறோம். மின்மயமான ரயில்பாதையைக் கடக்கும் கேட்டுகளில் 4.67 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புச்சட்டம் உண்டு. பேவர் அதற்கடியில் நுழைந்துவிடும். அதே பணிக்குப் போகும் கலவை ஆலையின் உருளைகளும் சிமென்ட் கொள்கலன்களும் சில வேளைகளில் நுழையமாட்டா.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தெற்கே இறங்கினால் தொப்பூர்க் கணவாய். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், இறக்கத்தில் பிரேக் காய்ந்துவிடும்; இந்த இறக்கத்தில் மாண்டவர்கள் அநேகர். தருமபுரி பழைய தகடூர் என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சை அவனுக்கு உவமையாக்கினார். அரசகுமாரனுக்குச் சிங்கமும் ஞாயிறும் உவமையாகாமல் ஒரு மாற்று அச்சு உவமையாயிற்று என்பது சாதாரணச் செய்தியன்று. வழியின் மேடுபள்ளங்களை அறிந்த சமுதாயத்துக்குத்தான் அந்த உவமையின் கனம் விளங்கியிருக்கும். தொப்பூரில் இறங்கும் டிரெய்லரின் ஓட்டுநருக்கு அது உரையில்லாமல் விளங்கும். தமிழ் முதுகலை வகுப்பில் அரைமணி நேரம் உரை சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றினும் பெரிய சிக்கல் தலைக்கு மேலே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும் என்றன. உயரழுத்தக் கம்பிக்கு 6.1 மீட்டர். எந்தச் சுமைக்கும் இது போதும். ஆனால் தரை என்பது நிலையான ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நம் சாலைகள் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் மூன்று, நான்கு, ஐந்து சென்டிமீட்டர் உயர்கின்றன. பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புது அடுக்கைப் போடுவது வழக்கமாகிவிட்டது. இருபது ஆண்டுகளில் வீட்டுவாசல் சாலைக்குக் கீழே போய்விடுகிறது. மழை பெய்தால் தெருவின் நீர் கூடத்துக்கு வருகிறது. சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு ஆணை பிறப்பித்தார். (அவரை எழுத்தாளராகவே அறிந்த வாசகர்கள் இதையும் அவர் எழுத்துகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.) ஆணைக்குப் பிறகும் ஆணைக்கு முந்திய சாலைகள் முந்திய உயரத்திலேயே இருக்கின்றன. கம்பியோ வெயிலில் தொய்ந்து கீழே வருகிறது. கீழிருந்து சாலையும் மேலிருந்து கம்பியும் ஒன்றையொன்று நாடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் வந்து அகப்படுவது சுமை வண்டி.

இதில் ஒரு வட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பழைய அடுக்கைச் சுரண்டும் எந்திரமும் இதே குடும்பத்தது. அதையும் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். சிற்றூர்த் தெரு ஒன்றுக்காக அதைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவும் தொல்லையும் ஒப்பந்தக்காரரைத் தயங்க வைக்கின்றன என்பது நம் கணிப்பு. தயங்கினால் சுரண்டாமல் போடுகிறார். போட்டால் சாலை உயர்கிறது. உயர்ந்தால் அடுத்த எந்திரம் வருவது இன்னும் கடினமாகிறது. பெருஞ்சுமை போக்குவரத்து என்பது ஏதோ நாலு பெரிய நிறுவனங்களின் தலைவலி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மழைக்காலத்தில் நம் கூடத்துக்குள் வந்து நிற்கிறது.

கம்பி தாழ்ந்திருந்தால் என்ன செய்வார்கள் என்று அந்தச் சங்ககிரிக்காரரைக் கேட்டோம்.

"என்னங்க சார் பண்றது, மேல ஒரு பையன் நிப்பானுங்க. மூங்கில் குச்சியில கம்பியைத் தூக்கி விடுவானுங்க. வண்டி அடியில போயிருமுங்க."

5.8 மீட்டர் என்று விதி இருக்கிறதே என்றோம்.

"விதி இருக்குதுங்க சார். ஊருக்குள்ள பகல்ல விடமாட்டாங்க, ராத்திரிதான் போவோணும். ராத்திரில கம்பி எங்க தெரியுதுங்க? கேபிள் கம்பியா கரண்டுக் கம்பியான்னு தொட்டாத்தானுங்க தெரியும்."

அவர் இதைச் சொன்ன குரலில் குறையோ கோபமோ இல்லை. பனி பெய்யும், காற்றடிக்கும் என்பதுபோலச் சொன்னார். மேலே நிற்கும் பையன்களில் ஒருவனை அவர் இழந்திருக்கிறார் என்பதை மகள்தான் பிறகு நம்மிடம் சொன்னாள். இருபத்திரண்டு வயது. எந்த ஊர், யார் வண்டி என்பதெல்லாம் இங்கே வேண்டியதில்லை. மழை பெய்து மூங்கில் நனைந்திருந்தது.

2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொருவர் மாண்டார்கள். சாலை உயர்ந்திருந்தது பற்றியும் அப்போது பேச்சு எழுந்தது. நாடு முழுவதும் அந்தச் செய்தி போயிற்று, போகத்தான் வேண்டும். பெருந்தேர்கள் ஓடும் ஊர்களில் தேரோட்டத்துக்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, தேர் வரும் வீதிக் கம்பிகளைக் கழற்றி, தேர் போனபின் மாட்டுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து தந்திருக்கிறது. அதாவது, உயரமும் கனமும் உள்ள ஒன்று மக்கள் வாழும் தெருவழியே போக வேண்டுமானால் ஊரே கூடி அதற்கு வழி செய்யும் முறை நம்மிடம் இல்லாமல் இல்லை. யாருக்காக அந்த முறையைக் கையாள்கிறோம் என்பதுதான் கேள்வி.

2018-இன் இறுதியில் வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய பெருமாள் சிலைக்கான கல் 240 சக்கர வண்டியில் பெங்களூர் ஈஜிபுராவுக்குப் புறப்பட்டது. மாதக்கணக்கில் போயிற்று. வழியில் கடை முகப்புகளும் வீட்டுச் சுவர்களும் இடித்து வழிவிடப்பட்டன. பாலம் தாங்காத இடத்தில் ஆற்றுக்குள்ளேயே மண்பாதை போட்டார்கள். நின்ற ஊரிலெல்லாம் கற்பூரம் ஏற்றினார்கள். வீட்டுச் சுவரை இழந்தவர்கள் கற்பூரம் ஏற்றினார்களா என்று நாம் கேள்விப்படவில்லை. அந்தப் பயணத்தை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. தமிழ்நாட்டின் பெருஞ்சுமை ஓட்டுநர்களுடைய திறமை என்ன என்பதை எல்லாரும் கண்ணாரக் கண்ட ஒரே சந்தர்ப்பம் அது. தூத்துக்குடித் துறைமுகத்தில் 80 மீட்டரைத் தாண்டிய காற்றாலை இறக்கைகளைக் கையாள்கிறவர்களுக்கும் அந்தத் திறமை இருக்கிறது. இறக்கையையாவது நாம் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறோம். மஞ்சள் வண்ணம் பூசி, தார் அப்பி, சங்கிலியால் கட்டுண்டு வரும் பேவருக்குக் கற்பூரமும் இல்லை, படமும் இல்லை. ஒலிப்பான்தான்.

குற்றம் யாருடையது என்று தேடுவதில் நமக்கு ஆர்வமில்லை. சட்டம் தன் பங்கைச் செய்துதான் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் தண்டம் என்று எழுதினார்கள். முறையாக அனுமதி பெறுவதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இணையவழி ஏற்பாடு செய்திருக்கிறது. பாலங்கள் சுமையைத் தாங்குமா என்று அதில் பார்க்கிறார்கள். புதிய பாலங்களுக்கு 385 டன் எடையுள்ள ஒரு தனிவகை வண்டியைக் கருத்தில் கொண்டு கணக்கிடும் முறையும் இந்தியச் சாலைப் பேரவையின் வரைமுறையில் சேர்ந்திருக்கிறது. காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றிய கவலை அரசுக்கு இருக்கிறது. தலைக்கு மேலே இருப்பதும், பக்கத்தில் இருப்பதும், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின் வேலைத்தளம் வரைக்கும் உள்ள கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் இருப்பதும் யாருடைய கணக்கிலும் இல்லை.

அந்தக் கணக்கு ஓர் இடத்தில் இருக்கிறது. சங்ககிரிக்காரரின் சட்டைப்பையில். நீளவாட்டில் கோடு போட்ட, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. இந்த ஊர்த் தாண்டி இரண்டாவது கல்வெட்டுப்பாலம் இடப்புறம் பலவீனம். இந்தப் புளியமரக்கிளை பதின்மூன்று அடி. இந்த வளைவில் பின்வண்டி கடைக்காரர் கூரையைத் தட்டும், முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் கம்பி தாழ்வு, லைன்மேன் நல்லவர், கூப்பிட்டால் வருவார். பெருஞ்சுமை புறப்படும் முன் வண்டி நிறுவனங்கள் 'ரூட் சர்வே' என்று ஓர் ஆளைச் சிறுவண்டியில் அளவுகோலோடு அனுப்புவதும் உண்டு. அவர் அளந்து வந்ததை அந்த நிறுவனம் வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் அதே வழியே போகும் இன்னொரு நிறுவனம் மீண்டும் ஆளை அனுப்பும், அல்லது அனுப்பாமல் பையனை மேலே ஏற்றும்.

சென்று வந்தவன் செல்பவனுக்கு வழி சொல்வதைத் தமிழன் ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கி வைத்திருக்கிறான். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அவற்றுள் மலைபடுகடாம் வள்ளலின் புகழோடு நில்லாமல், வழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், வழுக்கும் பாறை எங்கே, இரவில் எங்கே தங்குவது என்றெல்லாம் கூத்தர்க்கு எச்சரிக்கை செய்கிறது. தேர்வுக்கு அதை 'வழியின் ஏதம் கூறல்' என்று ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதவைக்கிறோம். பரிசில் பெறுகிறவன் வழியில் சாகக்கூடாது என்கிற அக்கறை அது. இந்த அக்கறையைத்தான் நாம் கேட்கிறோம். புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை.

நம் கோரிக்கை இது. துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் முதன்மை வழிகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு பாலத்தின் அடி உயரம், ஒவ்வொரு குறுக்குக் கம்பியின் உயரம், கேட்டின் சட்டம், சாவடித் தடத்தின் அகலம், வளைவின் ஆரம், இரவில் வண்டி ஒதுங்கி நிற்கத்தக்க இடம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் மின்வாரியமும் ரயில்வேயும் ஆண்டுக்கொரு முறை அளந்து, யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். சாலையைப் புதுப்பித்தவர் புதுப்பித்த பின் உள்ள உயரத்தை அதில் எழுதிய பிறகே கடைசித் தவணைப் பணத்தைப் பெற வேண்டும். அளவு குறைந்த கம்பியை மின்வாரியம் உயர்த்தும் வரைக்கும், அதன் கீழே பெருஞ்சுமை போகும்போது மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைத் தூக்குவது வாரியத்து ஆளின் வேலையாக இருக்க வேண்டும். பதினாயிரம் சம்பளத்துப் பையனின் வேலையாக அன்று. இந்த எந்திரங்களின் தாய்நாடான ஜெர்மனியில் மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே இணைய முறையில் இத்தகைய சுமைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். பிரிட்டனில் உயரமும் கனமும் மிகுந்த சுமைகளுக்கென்று தேர்ந்த வழித்தடங்களின் வரைபடமே உண்டு. எந்திரத்தை இறக்குமதி செய்கிறவர்கள் அதற்கு வழி சொல்லும் பழக்கத்தையும் சேர்த்து இறக்கியிருக்கலாம்.

செலவாகும் என்பார்கள். இப்போதும் செலவாகிறது, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே அளப்பதற்கும், தட்டுப்பட்ட இடத்தில் வண்டி இரண்டு நாள் நிற்பதற்கும், நிற்பதை நகர்த்தச் சில கைகளில் சில நோட்டுகள் வைப்பதற்கும் ஆகும் செலவு கடைசியில் சாலை ஒப்பந்தத் தொகையில்தான் வந்து சேர்கிறது. பொதுவில் வைத்தால் தவறானவர்கள் கையில் கிடைக்கும் என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். பாலத்தின் உயரம் பாலத்தின் நெற்றியிலேயே எழுதித்தான் இருக்கிறது. எழுதிய பின் சாலை எத்தனை முறை உயர்ந்தது என்பதுதான் எழுதப்படவில்லை.

கடைசியாகச் சொல்லைப் பற்றி. பேவருக்குத் தமிழில் 'பரப்பி' என்று ஒரு நண்பர் பெயர் வைத்தார். இன்னொருவர் 'சாலைபாவு பொறி' என்றார். இரண்டும் தவறில்லை, இரண்டையும் எந்த ஓட்டுநரும் சொல்லப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வெளியிலிருந்து பெயர் செய்து கொடுப்பதைக் காட்டிலும், உள்ளே ஏற்கெனவே புழங்கும் சொற்களைத் தொகுப்பது நமக்குப் பயனுள்ள வேலையாகப் படுகிறது. சங்கிலிக்கும் கட்டைக்கும் வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும், சரிவில் இறங்கும் நான்கைந்து விதங்களுக்கும் அவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. பாதி ஆங்கிலம், பாதி கொங்குத் தமிழ், இடையிடையே இந்தி. இந்தப் பருவத்தில் நம் மாணவர் இருவர் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பட்டறைகளில் உட்கார்ந்து அவற்றை எழுதி வருகிறார்கள்; இதுவரைக்கும் நூற்றைம்பது சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ஓட்டுநரின் நோட்டையும் படியெடுக்கக் கேட்டோம். வண்டி இப்போது தூத்துக்குடிக்குப் போயிருக்கிறது, திரும்பியதும் மகளிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.